சீத்தைப் பூப் பொத்தான்கள் ஆறு

நீ இறந்த நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் உன் மகள் அந்த பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தாள். “சாச்சி, இத ஒங்கட கையிலதான் குடுக்கணும்டு உம்மா சொல்லியிருந்தாங்க” என்றாள். மூடியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடித்தது. உன் அலுமாரியின் மணம். முதலில் அழுதேன். பிறகு உள்ளே இருந்த பொத்தான் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு வந்த கோபம் மூன்று கிழமையாகியும் போகவில்லை.

புத்தளத்தில் ஒரே தையல் கடையில் பக்கத்துப் பக்கத்து மெசினில் எத்தனை வருடம் இருந்தோம். நீ கற்பிட்டிக்காரி. கச்சான் காற்று ஓய்ந்த ஒரு நாள், கோட்டைப் பக்கக் கரையில் பொறுக்கிய வெள்ளைப் பொத்தான் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தாய். சட்டை தைக்கக் கொடுக்க வந்த கொழும்பு மிஸ் அதைக் கண்டுவிட்டு, இது பழங்காலத்துப் பீங்கான் பொத்தான், நான் இவற்றைச் சேர்க்கிறவள் என்றார். அன்றைக்குப் பிடித்தது உனக்குப் பைத்தியம். கொஞ்சக் காலத்தில் என்னையும் இழுத்துக்கொண்டாய்.

“முகத்தப் பாக்காத புள்ள, முதுகப் பாரு” என்பாய். முன்பக்கம் கண்ணாடிப் பொத்தானும் பீங்கான் பொத்தானும் ஒன்றுபோலத்தான் மினுங்கும். திருப்பினால் கண்ணாடி வழுவழுவென்றிருக்கும். பீங்கானின் முதுகில் தோடம்பழத் தோல் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அதற்குப் பிறகு துளைகளை எண்ணுவாய். வெறும் வெள்ளைக்கு ஒரு அட்டை, விளிம்பில் நிறப்பட்டி போட்டதற்கு ஒரு அட்டை, சீத்தைத் துணி மாதிரிப் பூ அச்சடித்ததற்கு ஒரு அட்டை. எங்கே கிடைத்தது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுத வேண்டும். பழைய நூல் ஒட்டியிருந்தால் அதைத் தொடவே கூடாது, அதுவும் சாட்சி என்பாய்.

ஒருமுறை நான் ஒரு கண்ணாடிப் பொத்தானின் கீழே பீங்கான் என்று எழுதிவிட்டேன். கொழும்பு மிஸ்ஸுக்கு முன்னால் வைத்து என்னை உலுப்பி எடுத்தாய். வெட்கத்தில் அட்டையைக் கிழிக்கப் போனேன். “கிழிக்காத. ஒரு கோடு அடிச்சி, கீழ சரியானத எழுது. பிழையும் தெரியணும், சரியும் தெரியணும்.” எழுதினேன். எவ்வளவு நேர்மையானவள் என்று வீட்டுக்குப் போய் உன்னைப் பற்றிப் பெருமையாகக் கதைத்தேன்.

என் வாப்பாவின் சட்டை உனக்குத் தெரியும். தொண்ணூறில் புலிகள் எருக்கலம்பிட்டியிலிருந்து முஸ்லிம்கள் எங்களை விரட்டியபோது, கையில் ஒன்றும் கொண்டுபோக வழியில்லாமல், உம்மா அந்தச் சட்டையை என் சட்டைக்கு மேல் போட்டுவிட்டார். எனக்கு எட்டு வயது. அதோடுதான் படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினேன். அடுத்த வருடம் அகதி முகாமில் வாப்பா மௌத்தாகிவிட்டார். அவருடையதென்று எங்களிடம் மிஞ்சியது அந்தச் சட்டை மட்டும்தான்.

என் வீட்டுக் கூரை ஒழுகிய மாரியில், “என்ட அலுமாரில வைக்கிறன், தா” என்று அதை வாங்கிப் போனாய். அப்போது நீ எனக்குப் பொத்தான் பார்க்கப் பழக்கியிருக்கவில்லை. மழை விட்ட பிறகு அழகாக மடித்துத் தந்தாய். பிளாஸ்டிக் பொத்தான்கள் இருந்தன. பழையவை நொறுங்கிவிட்டன, பார்க்கப் பாவமாக இருந்தது, நானே புதிது தைத்தேன் என்றாய். நன்றிக்கு நான் வட்டலப்பம் அவித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

தகரத்தின் அடியில், பேப்பருக்குக் கீழே, என் கண்ணில் ஒருநாளும் காட்டாத அட்டை. சீத்தைப் பூ, நீலம், நான்கு துளை, ஆறு. கற்பிட்டிக் கரையில் எடுத்தது. உன் கையெழுத்து. கடலில் உருண்ட பொத்தானில் நூல் எங்கிருந்து வரும்? ஆறிலும் நூல் இருந்தது. வாப்பாவின் வலை பொத்துகிற மண்ணிற நூல். ஒரு துளையிலிருந்து மற்ற மூன்றுக்கும் பிரிந்து போகும் தையல், கோழி மிதித்த தடம் போல. உம்மா மட்டும்தான் அப்படித் தைப்பார்.

கற்பிட்டிக் கரை என்பது முழுப் பொய் இல்லையே என்று உனக்கு நீயே சமாதானம் சொல்லியிருப்பாய். அந்தக் கரைக்கு அவை வந்தது மெய்தான். என் உடம்பில் வந்தன. நூலைத் துணிப்பக்கம் மட்டும் பிளேட்டால் வெட்டி, பொத்தான் மேலிருந்த தையல் குலையாமல் கழற்றியிருக்கிறாய், கைகாரி. இனி அவற்றைத் திரும்பச் சட்டையில் தைப்பதென்றால் உம்மாவின் தையலை நான் அறுக்க வேண்டும். கேட்டிருந்தால் ஒன்றைத் தந்திருப்பேன். ஆறையும் தந்திருக்க மாட்டேன். அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை.

ஆசுபத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். “என்னப் பொருந்திக்க புள்ள” என்றாய். சாகக் கிடக்கிறவர்கள் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற மன்னிப்புத்தானே அது. எதற்கென்று நான் கேட்கவில்லை. “அல்லாஹ்வுக்காகப் பொருந்திட்டன், நீ தூங்கு” என்றேன். நீ உடனே கண்ணை மூடிக்கொண்டாய். முகத்தை மட்டும் காட்டிப் பொருத்தம் வாங்கிவிட்டாய். முதுகைத் தகரத்தில் போட்டு மூடி, நான் அதைப் பார்க்கிற நேரத்தில் நீ இல்லாதபடி பார்த்துக்கொண்டாய்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்பு மிஸ் வந்தார். மற்ற அட்டைகளையெல்லாம் கொடுத்தேன், இதைக் காட்டவில்லை. அவர் போனதும் பேனையை எடுத்து உன் எழுத்தின் மேல் ஒரு கோடு அடித்தேன், வாசிக்கக்கூடிய மாதிரி. கீழே எழுதினேன்: எருக்கலம்பிட்டி. வாப்பாவின் சட்டை. கேட்காமல் எடுத்தது.

பொருந்திட்டன் என்று சொன்ன சொல் சொன்னதுதான். அதைத் திருப்பி எடுக்க நினைக்காத நாளில்லை, எடுக்கவும் மாட்டேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு உனக்காக துஆக் கேட்கிறேன். அட்டையை வாப்பாவின் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன்.