வானத்தில் என் கையெழுத்து

மார்ச் 3

பின்னணி ஓவியங்களை நாங்கள் கறுப்புத் தாளில் தீட்டுகிறோம். மற்றவர்கள் வெள்ளைத் தாளில் இரவை உண்டாக்கப் படாதபாடு படுகிறார்கள். நாங்கள் இரவிலேயே தொடங்கி, ஒரு ஜன்னல், ஒரு தெருவிளக்கு, ஒரு கூரை விளிம்பு என வேண்டிய இடத்தில் மட்டும் வெளிச்சம் வைக்கிறோம். மீதி வெறும் தாள். எங்கள் கார்ட்டூனின் முகமூடி நாயகன் கரியன் அந்த மீதியில்தான் வாழ்கிறான்.

இதை இன்று தயாரிப்பாளருக்கு மறுபடியும் விளக்கினேன். அவன் என் மனைவியின் தம்பி. அது அவனுடைய இன்னொரு தகுதி.

"எல்லாம் சரி அத்தான். ஹீரோ எங்க?"

"நடுவுல நிக்கிறான்."

"நடுவுல கறுப்புதான இருக்கு?"

"அதுதான் அவன்."

மச்சினன் திரைக்கு அருகே போய்த் துணியால் துடைத்துப் பார்த்தான்.

மார்ச் 6

வீட்டில் முதல் பாகத்தைப் போட்டுக் காட்டினேன். மனைவி கடைசிவரை பொறுமையாகப் பார்த்தாள்.

"யாரோ சண்டை போடறாங்கன்னு சத்தத்துல புரியுது. மத்தபடி டிவில நம்ம சோபாதான் தெரியுது."

"அக்காவும் தம்பியும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"இதுக்கு வேற பேசி வைக்கணுமா?"

மார்ச் 9

சேனல் அதிகாரி ஒரு பெண்மணி, நாகரிகமாகப் பேசுபவர். இந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்று தொலைபேசியில் கேட்டாராம். மச்சினனை உட்காரவைத்துச் சொன்னேன். பேசாப் படக் காலத்தில் படப்பிடிப்பு அரங்கின் சுவரிலேயே நிழலை வரைந்து வைத்தவர்கள் இருந்தார்கள்; விளக்கை நம்பவில்லை. இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் எழும்பிய கட்டடங்களிடமிருந்து வானத்தைக் குத்தும் நேர்கோடுகளை எடுத்துக்கொண்டேன். பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களிலிருந்து, முகத்தில் விழும் ஜன்னல் பட்டைகளின் நிழல். மரச்செதுக்கு அச்சுகளிலிருந்து எல்லாவற்றிலும் பெரிய பாடம்: செதுக்கியது வெள்ளை, விட்டுவைத்தது கறுப்பு.

அவன் அவருக்குச் சொன்ன பதில் என் காதில் விழுந்தது. "பழைய படம் மாதிரி மேடம். மாத்திடலாம்."

மார்ச் 10

கறுப்பு போனால் நானும் போவேன், என் பெயரையும் எடுத்துவிடு என்று அவனிடம் சொல்லிவிட்டேன். "சாப்பிட்டீங்களா அத்தான்?" என்றான்.

மார்ச் 17

எனக்குத் தெரியாமல் முதல் பாகத்தைக் கணினிப் பிரிவுக்கு அனுப்பி, வெளிச்சத்தை ஏற்றச் சொல்லியிருக்கிறான். திங்களன்று சேனலுக்குத் திரையிடல்.

"லேசாத்தான் ஏத்தச் சொன்னேன். உங்க கறுப்பு எங்கயும் போகாது."

போகாது. அதுதான் சிக்கல். தீட்டாத இடங்களில் ஓவியர்களுக்கான குறிப்புகளைப் பென்சிலில் எழுதுவது என் வழக்கம். கறுப்பின் மேல் பென்சில் படத்தில் ஏறாது. வெளிச்சத்தை ஏற்றினால் தாள் சாம்பலாகும். தாளின் மேல் உள்ளதெல்லாம் எழுந்து வரும். சொல்ல வாய் வரை வந்தது. என்ன செய்வது, எவனோ ஒரு பழைய ஆள் சொல்வதை யார் கேட்கப் போகிறார்கள்? சொல்லவில்லை.

மார்ச் 20

திரையிடல். நகரத்தின் வானம் ஈரச் சிமென்ட் நிறத்தில் விரிந்தது. இடதுபக்கம் நிலா. வலதுபக்கம் யாரோ வைத்த தேநீர்க் கோப்பையின் வட்டம், இரண்டாவது நிலாவாக. மணிக்கூண்டின் மேல் என் உள்ளங்கையின் அச்சு. அதன் கீழே, கூரைகளுக்கு மேல் வானத்தில், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, என் கையெழுத்து:

"இங்கே கைவைக்காதே. இருக்கிற இருட்டு போதும்."

அதிகாரி முன்னால் சாய்ந்தார்.

"யாருங்க இது, வானத்துல எழுதறது? வில்லனா?"

என் மச்சினனுக்கு ஓவியம் தெரியாது, பிழைக்கத் தெரியும். இமைக்கக்கூட இல்லை.

"ஆமா மேடம். அடுத்த பாகத்துல வர்றான்."

"அட, பயங்கரமா இருக்கே!"

என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 22

சேனலுக்கு வில்லனைப் பிடித்துவிட்டது. கரியனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மச்சினன் என் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, வகுப்பெடுக்கும் தோரணையில் சொன்னான்.

"வெள்ளையில எழுதற எழுத்து எடுப்பா தெரியணும்னா வானம் கன்னங்கரேல்னு இருக்கணும் அத்தான். வெளிச்சத்தை ஏத்தவே கூடாது. இதெல்லாம் நீங்க யோசிக்கணும்."

யோசிக்கிறேன் என்றேன்.

ஆக, கறுப்பு தங்கிவிட்டது. நானும்.

ஏப்ரல் 2

வில்லனுக்கு முகம் கேட்டார்கள். வீட்டில் கறுப்புத் தாளை விரித்தேன். கண் இல்லை, வாய் இல்லை, தாடை இல்லை. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் மூக்கின் விளிம்பு மட்டும், ஒற்றைக் கோடு. மற்றதெல்லாம் விட்டுவைத்த தாள்.

மனைவி துண்டில் கையைத் துடைத்தபடி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என் தம்பியை எதுக்கு வரைஞ்சிருக்கீங்க?"

"தெரியுதா?"

"ஏன் தெரியாம? அச்சு அசல் அவன்தான்."

தூரிகையைக் கீழே வைத்தேன். இனி ஒரு கோடும் சேர்க்கப் போவதில்லை.