தெள்ளுப்பூச்சி கடித்தால் குளிர் என்று எழுது

லிட்டில் இந்தியா,
சிங்கப்பூர்.

அன்பு அண்ணன் மகள் ஹனீனுக்கு, முப்பது வருஷமாக இந்தத் தீவின் பூச்சிகளை எல்லாம் மருந்தடித்து நடுங்கவைத்த உன் சாச்சாவின் ஸலாம். அல்லாஹ் அருளால் இங்கே எல்லோரும் சுகமாகச் சொறிந்துகொண்டிருக்கிறோம், பின்லாந்தில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நீ மிருக டாக்டராக வேலை பார்க்கிற பண்ணையின் மிங்க் குட்டிகளைத் தெள்ளுப்பூச்சி தின்கிற கதையை உன் கடிதத்தில், புரோட்டாக் கடையில் உட்கார்ந்து வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் என் முதுகு அரித்தது, நான் சொறிந்தேன், பக்கத்து மேசைக்காரர் சொறிந்தார், அரை மணியில் சிராங்கூன் சாலையே சொறிந்து பஸ் எல்லாம் நின்றுபோனது. ஹஸீனா சாச்சியிடம் சொன்னேன். "புள்ளைய டாக்டருக்குப் படிக்க வெச்சது கீரிப்பிள்ளைக்குப் பேன் பாக்கவா லா?" என்றாள். முனீரா, "உம்மா, அது கீரி இல்ல, மிங்க். அதோட தோல்லதான் கோட்டு தைப்பாங்க" என்று விளக்கினாள். "அதப் போட்டுக்கிட்டு தேக்கா மார்க்கெட் வெயில்ல பத்து நிமிஷம் நின்னா தம் போட்ட பிரியாணிதான்" என்று சாச்சி வழக்கை முடித்துவிட்டாள்.

உன் முதலாளியின் அறிவுக்கு ஒரு சிலை வைக்கலாம். தாய் மிங்குகளின் முதுகில் மட்டும் மருந்துப் பொடி தூவி, படமெடுத்து, வேலை முடிந்தது என்கிறாராம். ரத்தம் உறிஞ்சப்பட்டு வெளிறிச் செத்த நாற்பது குட்டிகளும் குளிரால் செத்தன என்று உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறாராம். தெள்ளு அவரைப்போல முட்டாள் இல்லையம்மா. அது சாப்பிடத்தான் விலங்கின் மேல் ஏறும், முட்டையும் புழுவுமாகக் குடித்தனம் நடத்துவது கூட்டுப் பெட்டியின் வைக்கோலில். அதை அள்ளி எரித்து, பெட்டியைச் சுரண்டிக் கழுவி, மருந்திட்டு, புது வைக்கோல் போட்டு, இரண்டு வாரத்தில் மறுபடியும் பார்க்காவிட்டால் தாயைப் பன்னீரில் குளிப்பாட்டினாலும் மிச்சக் குட்டிகள் பிழைக்காது. பச்சைக் குட்டி இருக்கிற பெட்டிக்கு எந்த மருந்து ஆகும் என்பதை நீதான் பார்க்க வேண்டும், டாக்டர் நீ, நான் வெறும் பூச்சிமருந்துச் சக்கரவர்த்தி.

மறுத்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய். சக்கரவர்த்தியும் பயந்தவன்தான். பல வருஷத்துக்கு முன் துவாஸில் ஒரு தொழிலாளர் தங்குமிடம், கட்டிலுக்குக் கட்டில் மூட்டைப்பூச்சி. மெத்தைகளை மாற்றணும் என்றேன். மேனேஜர், ஆட்கள்தான் அழுக்கு என்று ஆளுக்கொரு சோப்பைக் கொடுத்துவிட்டு, நடைபாதையில் மட்டும் மருந்தடித்துச் சுத்தம் என்று எழுதச் சொன்னார். காண்டிராக்ட் போய்விடுமே என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஞாயிறு தேக்காவில் மருதப்பன் என்ற தொழிலாளி என்னை நிறுத்தி, சட்டைக் கையைச் சுருட்டினார். தோள்வரை தடிப்பு. "அண்ணே, சுத்தம்னு எழுதிக் குடுத்தீங்களாமே, கொஞ்சம் தடவிப் பாருங்க" என்றார். நான் தடவிப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டேன். சாச்சிக்குக்கூட இது தெரியாது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், முதலாளிக்குக் கொஞ்சம் மூளையும் தரட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். வேலை போனால் போகட்டும், உன் அறை அப்படியே இருக்கிறது, சாச்சி திட்டிக்கொண்டே சோறு போடுவாள். அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதே.

உன் சாச்சா,
அப்துல் மஜீது