பூட்டிக் கிடக்கும் சாவிக்கொத்து

ஜூன் 9, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்? பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முக்கில் மழையில் ஸ்கூட்டர் சறுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. கையிலிருந்து தெறித்த போன் ஆட்டோ சக்கரத்தில் நசுங்கிக் கூழாகிவிட்டது. பிள்ளையார் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டை ஜூலை நடுவில்தான் பிரிப்பார்களாம்.

சாயங்காலம் தம்பி மஹேஷ் வந்தான். என் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். "இனி ஒத்தக்கையால பாஸ்வேர்டு தட்டிண்டு கஷ்டப்படவேண்டாம்க்கா. ஆன் பண்ணினா நேரா உள்ள போயிடும், கேட்டியா" என்று ஏதோ மாற்றிவிட்டுப் போனான். தங்கமான பிள்ளை.

ஜூன் 10

தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. கடங்காரன்!

நேராக உள்ளே போகிறது, வாஸ்தவம். போனதும் ஒரு சின்னப் பெட்டி வந்து மறிக்கிறது: சாவிக்கொத்து திறக்கவில்லை, கடவுச்சொல் கொடு. கூப்பிட்டுக் கேட்டால் சாவகாசமாக விளக்குகிறான். எல்லாச் செயலிகளின் ரகசியங்களையும் ஒரே கொத்தாகப் பூட்டி வைத்திருக்குமாம். கீரிங் என்று பெயராம். தினமும் நான் பாஸ்வேர்டு அடித்து நுழையும்போது அதுவும் கூடவே திறந்துகொண்டிருந்ததாம். இப்போது பாஸ்வேர்டே இல்லாமல் நுழைவதால் அது பூட்டியே கிடக்கிறது.

"அதுக்கென்ன, பழைய பாஸ்வேர்ட ஒரு தடவை அடி. தீர்ந்தது."

அடிக்கலாம். என்ன அது? வருஷக்கணக்காகத் தினமும் காலையில் அடித்தது. ஓர் எழுத்துகூட நினைவில் இல்லை.

ஜூன் 12

எத்தனை முறை முயன்றேனோ. தவறு, தவறு, தவறு.

மெயில் போனால் போகட்டும். அரட்டைச் செயலியும் திறக்கவில்லை. 'தரவைத் திறக்கும் சாவி கிடைக்கவில்லை' என்று சொல்லி இரண்டு பொத்தான்களை நீட்டுகிறது. ஒன்று, வெளியேறு. மற்றது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு. அந்த இரண்டாவது பொத்தான் பக்கமே அம்புக்குறியைக் கொண்டுபோவதில்லை.

அதில் அம்மாவின் குரல் இருக்கிறது. நான் கொச்சியில் வேலை பார்த்தபோது தினமும் பேசி அனுப்பியவை. போனில் இருந்தவை போனோடு போயின. மிச்சம் இந்த லேப்டாப்பில்தான்.

அம்மா இதோ பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் என்னை 'மாமி' என்கிறாள். "மாமி, நேரமாச்சு, உங்காத்துல தேட மாட்டாளா?" என்று இன்று கேட்டாள். அந்தக் குரலுக்குள் இருக்கிற அம்மாவுக்குத்தான் நான் ஜானு.

ஜூன் 13

எழுதப் பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது? முதலில் கேஸ் அடுப்பு. அப்புறம் கரமனையில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற வழி. அப்புறம் நான். எனக்கு நாற்பத்தெட்டு வயதுதான் ஆகிறது.

ஜூன் 15, ஞாயிறு

பாவி! அழிச்சுட்டான்!

நான் குளிக்கப் போன நேரத்தில் உட்கார்ந்து அந்தச் சாவிக்கொத்துக் கோப்பையே எடுத்துவிட்டான். "நெட்டுல எல்லாரும் அதத்தான் பறயறா. டெலீட் பண்ணினா புதுசு வந்துடும்க்கா." வந்தது. புதுக் கொத்து, காலிக் கொத்து. பெட்டி இப்போது மறிக்கவில்லை. ஆனால் செயலி அதேபோல் இரண்டு பொத்தான்களோடு நிற்கிறது. பழைய சாவி இல்லாமல் எப்படித் திறக்கும்? உனக்கென்னடா போச்சு, உன்னை அம்மா இன்னும் மஹின்னு கூப்பிடறாளே! கத்தினேன். அம்மா மிரண்டு காதைப் பொத்திக்கொண்டாள். அவன் சாப்பிடாமலே போய்விட்டான்.

ஜூன் 16

மஹேஷ் கூப்பிட்டான். அழிக்கவில்லையாம், பெயரை மாற்றித்தான் வைத்தானாம். வேலைக்குப் போகிற வழியில் வந்து பழையதைத் திரும்ப வைத்தான். பெட்டி மறுபடி வந்து நின்றது. அதைப் பார்த்து யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன்.

ஜூன் 24

எதுவும் நினைவுக்கு வரவில்லை. டாக்டரிடம் சொல்லவா? எனக்கும் அதுதான் என்று சொல்லிவிட்டால் அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஜூலை 4

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிற செல்லபாய் இன்று கேட்டாள்: "எக்கா, அம்மைக்க வெரலு ஒரு நேரமும் சும்ம இருக்காது, கண்டியளா? என்னத்தயாங்கும் இப்பிடித் தட்டுதாவ?"

நானும் தினமும் பார்ப்பதுதான். நடுக்கம் என்று நினைத்திருந்தேன். இன்று உற்றுப் பார்த்தேன். பத்து விரலும் போர்வைமேல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சுண்டுவிரல் தட்டுகிறது, மோதிரவிரல் தட்டுகிறது. கொஞ்சம் கழித்து இடது கை உயர்ந்து எதையோ வலப்பக்கம் தள்ளிவிட்டுப் பழைய இடத்துக்கு வருகிறது. வரி முடிந்துவிட்டது! அம்மா செக்ரட்டேரியட்டில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டையர் ஆனவள். தன் பெயரைக் கேட்டால் விழிக்கிறாள். விரல்கள் இன்னும் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

அப்படியானால் நான்? 'பாஸ்வேர்ட அர்த்தமே இல்லாம வை, அப்பத்தான் ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்' என்று லினக்ஸ் போட்ட அன்று மஹேஷ் சொன்னான். நானும் விரல் போன போக்கில் வைத்தேன். அது என் தலையில் எப்போதாவது இருந்ததா? இல்லாததை எப்படி மறக்க முடியும்?

உடனே கட்டோடு முயன்றேன். இடது கை கொஞ்சம் தட்டிவிட்டு மற்றதற்காகக் காத்து நிற்கிறது. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வலது விரல்கள் வீங்கிப்போய் அசையவில்லை.

இல்லை, நானாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானமா இது?

ஜூலை 16

கட்டைப் பிரித்தார்கள். கை சூம்பி முருங்கைக்காய் போல் இருக்கிறது. வந்ததும் வராததுமாக உட்கார்ந்து அடித்தேன். தவறு. மறுபடி. தவறு.

அவ்வளவுதான் போலிருக்கிறது. பகவானே, அம்மாவைக் கொண்டுபோன வழியில் என்னையும் கொண்டுபோகாதே.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் மஹேஷ் வந்தான். கை கொஞ்சம் மடங்குகிறது. நான் பெட்டியின் முன்னால் காபியோடு உட்கார்ந்திருந்தேன். "போறும்க்கா, விட்டுடு. எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா தொடங்கு" என்றானே பார்க்கணும், எனக்கு வந்தது கோபம். அவன் பக்கம் திரும்பி, "வாய மூடுடா, உன்ன யாருடா ஒத்தாசைக்குக் கூப்ட்டா" என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இருந்தேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா... பெட்டியக் காணோம்."

திட்டுகிற மும்முரத்தில் விரல்கள் பாட்டுக்குப் பாஸ்வேர்டை அடித்திருக்கின்றன. எதை அடித்தேன் என்று இப்போதும் தெரியாது.

செயலியும் திறந்தது. எல்லாம் இருக்கிறது. ஒன்றை அழுத்தினேன்.

'ஜானு, சாப்ட்டியோடி? வேல வேலன்னு பட்டினி கிடக்காதே. ஒரு வாய் மோருஞ்சாதமாவது போட்டுக்கோ.'

நாற்காலியில் அம்மாவின் விரல்கள் நின்றன. நிமிர்ந்து லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏன் மாமி, ஜானு சாப்ட்டாளோ? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கோ."

"சாப்ட்டா" என்றேன்.

சாப்பிட்டிருக்கவில்லை. சமையலறைக்குப் போய் மோர் ஊற்றிப் பிசைந்து, நின்றபடியே சாப்பிட்டேன். வலது கையால்.