வளைந்த குழாய்

காலையில் ஒரு வார்த்தை பேசாமல் ஆபீஸ் கிளம்பிவிட்டீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

பழைய இந்தியன் கக்கூஸை எடுத்துவிட்டுக் கமோடு வைத்தாகிவிட்டது. சுவருக்குள் போகும் பழைய இரும்புக் கழிவுக் குழாயைத் தொட்டால் உதிர்ந்துவிடுமாம். மிஸ்திரி அதை அப்படியே விட்டுவிட்டு, கமோடை ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார். கதவு பாதிதான் திறக்கும், பக்கவாட்டில் நுழையுங்கள். சிமெண்ட் காய வேண்டும், நாளைக் காலைவரை உட்காரக் கூடாது. அதுவரை பக்கத்துப் போர்ஷனுக்குப் போய்க்கொள்ளுங்கள், தீபாலிதியிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் எப்போதோ கமோடுக்கு மாறிவிட்டார்கள்.

உங்கள் அக்காவை அழைத்துவர ஹவுரா போகிறேன். ரசத்தைச் சுட வைத்துக்கொள்ளுங்கள். தயிர் மேடைமேலேயே இருக்கிறது, ஃபிரிட்ஜைக் குடையாதீர்கள்.

வித்யா

பி.கு.: "எனக்கென்ன வயசாயிடுத்து, கமோடெல்லாம் எதுக்கு?" என்று நேற்று அவ்வளவு கத்தினீர்கள். பக்கெட்டுக்கு மேலே இருக்கும் தண்ணீர்க் குழாய் ஒரு பக்கமாக வளைந்து போயிருந்தது. "இது எப்படி வளைந்தது, பௌதி?" என்று மிஸ்திரி கேட்டார். பழைய வீடு, எல்லாம் அப்படித்தான் என்றேன். நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

அக்கா கேட்டால், கமோடு என் முழங்கால் வலிக்காக என்று சொல்லுங்கள். நானும் ரயிலடியிலேயே அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

சுவரில் ஒரு கைப்பிடியும் வைக்கச் சொன்னேன். அதுவும் எனக்குத்தான்.