ஆற்று மணலில் மறுபடியும் கரகம்

எதிலும் எனக்கு விட்டுக்கொடுக்காத என் அன்பு மதினிக்கு,

இந்த வருஷம் மாரியம்மன் கரகத்தை ஆற்று மணலில் வைத்துத்தான் பூச்சுற்றித் தூக்கினோம். மணலில், மதினி! உட்கார்ந்தபோது முழங்கால் புதைந்தது. சந்தோஷத்தில் மேளச் சத்தம்கூட என் காதில் விழவில்லை.

ஞாபகம் இருக்கிறதா? மணல் லொறி முதலாளி கோயில் மண்டபம் கட்ட இரண்டு லொறி மணல் கொடுத்தார். கமிட்டித் தலைவரான நான் பெருமையாக மாலை போட்டேன். கூட்டத்திலிருந்து நீங்கள் எழுந்தீர்கள்.

"என்ன கொழுந்தனாரே, நம்ம ஆத்து மணல அள்ளி நமக்கே தானம் குடுக்குறாரு, நீங்க மாலை வேற போடுறீங்க?"

தேயிலைத் தோட்டத்துச் சனம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து நான் 'மாலைக்காரக் கொழுந்தன்'. கோபத்தில் உங்களோடு பேச்சையே நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அவருடைய லொறிகள் மணலை அள்ள அள்ள, குளிக்கிற துறை பள்ளமானது. கரை சரிந்து கீரைப் பாத்திகள் ஆற்றோடு போயின. நம் லயத்து வீடுகளின் கிணறு வற்றியது. கரகம் வைக்க மணல் இல்லாமல் குழாயடிக்கு வந்து சேர்ந்தோம். "கொழாயடிக் கரகத்துக்கு நான் வரமாட்டேன்" என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டீர்கள். அந்த வருஷமே காய்ச்சலில் போயும்விட்டீர்கள்.

போன வருஷம், உங்கள் முதல் திவசம் முடிந்து வந்த திருவிழாவில், கரகத்தை லொறிப் பாதையில் இறக்கி வைத்தேன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலாளி வந்தார்.

"தலைவரே, நீங்கதானே எனக்கு மாலை போட்டீங்க?"

"ஆமாங்க, அது நான் செஞ்ச தப்பு. சாமி வழியில இருக்கு, லொறிய திருப்புங்க."

முதலில் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டவர் அவருடைய சிங்கள டிரைவர்தான். சேதி எட்டி, மூன்றாம் நாள் பதுளையிலிருந்து அதிகாரிகள் வந்து மணல் அள்ளிய இடத்தை அளந்தார்கள். முதலாளி மணல் அள்ள பெர்மிட் வாங்கியிருந்தது ஆற்றில் வெகு கீழே வேறோர் இடத்துக்கு. போன லொறிகள் திரும்பி வரவேயில்லை.

இரண்டு பெருமழைக்குப் பிறகு ஆறு மணலைக் கொண்டுவந்து துறையில் போட்டது. நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, அள்ளாமல் இருந்தோம். கிணறும் ஊறுகிறது. வளைவில் ஒரு பள்ளம் மட்டும் இன்னும் தூரவில்லை. மூங்கில் வேலி போட்டிருக்கிறோம்.

நீங்கள் இருந்தபோதே இந்தப் புத்தி எனக்கு ஏன் வரவில்லை? வாய்விட்டு ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் எதில் குறைந்துபோயிருப்பேன்?

இந்த முறை எனக்கு மாலை போட வந்தார்கள். வாங்கிக்கொண்டு வந்து உங்கள் படத்துக்குப் போட்டுவிட்டேன். இனி கோயிலுக்கு யார் எதைக் கொடுத்தாலும், எங்கிருந்து வந்ததென்று கேட்காமல் மாலையைத் தொடமாட்டேன். அம்மன் முன்னால் நின்று சொன்ன வாக்கு இது.

நீங்கள் வைத்த பெயரைப் பெருமையாகச் சுமக்கும்,
உங்கள் மாலைக்காரக் கொழுந்தன்