குப்பை வண்டிக்குப் போன பாட்டு

செஞ்சி,
3.2.2025

மவுத் ஆர்கன் மேதை இளவழகனுக்கு,

நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப்போவதில்லை. போனில் பேசினால் எதையாவது வாசித்தே சமாதானம் செய்துவிடுவாய். அதனால்தான் உன் நம்பரை பிளாக் செய்துவிட்டுத் தபாலில் எழுதுகிறேன்.

நாலு நாள் இருக்கலாம் என்று நான் அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள் காலை தெருவில் குப்பை வண்டி வந்தது. அதில் உன் பாட்டு. கல்யாணத்துக்கு முன்னால் ராஜகிரிக் கோட்டைப் படியில் உட்கார்ந்து, "இது உனக்கு மட்டும்தான் மஞ்சு" என்று வாசித்தாயே, அதே பாட்டு. அதைக் கேட்டதும் எதிர்வீட்டு சாமுண்டீஸ்வரி அக்கா மீன் செதிலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். நான் அழுவதைப் பார்த்து, "இன்னா மஞ்சு, வாளி உடஞ்சிடுச்சா?" என்றார்.

இனி நான் சென்னைக்கு வருவதாக இல்லை.

மஞ்சு

சென்னை,
7.2.2025

அன்புள்ள மஞ்சுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று காலை ஒரு சீரியல் சாவுக்கு வாசித்தேன். மதியம் அதே மவுத் ஆர்கனில் படர்தாமரைக் களிம்பு விளம்பரம். என்னை எல்லா வகையும் வாசிப்பவன் என்கிறார்கள். எதற்குக் கூப்பிட்டாலும் வருவான் என்று அர்த்தம். நான் போட்ட மெட்டு எதிலும் என் பெயர் இல்லை.

சுகாதார விழிப்புணர்வுக்கு உடனே ஒரு மெட்டு வேண்டும் என்றார்கள். மண்டையில் வேறு எதுவும் வரவில்லை, நீதான் வந்தாய். கொடுத்துவிட்டேன். தப்புதான். ஆனால் முதல் பாதியை மட்டும்தான் கொடுத்தேன். கவனித்துக் கேள், பாட்டு பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து வரும். இரண்டாம் பாதி உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அத்தைக்குப் பாட்டு பிடித்திருக்கிறதா?

உன்
இளவழகன்

செஞ்சி,
12.2.2025

பாதிப் பாட்டுக்காரனுக்கு,

கவனித்தேன். பாதியில்தான் நிற்கிறது. அதனால் நீ தப்பித்துவிட்டதாக நினைக்காதே.

அம்மாவுக்குப் பிடித்திருக்கிறதாம். அந்த வண்டியில்தானே அவளுக்கு வேலை. "மாப்ள பாட்டு கேட்டா கை தன்னால ஓடுது" என்கிறாள். அந்தக் கையைப் போன வாரம் உடைந்த பாட்டில் கிழித்து, தையல் போட்டிருக்கிறது. குப்பை அள்ளும் ஒப்பந்தம் எடுத்திருக்கும் ஒப்பந்தக்காரர் கையுறை கொடுத்ததே இல்லை. ஒலிபெருக்கி வாங்க மட்டும் தெரிகிறது. தெருமுனையில் 'தூய்மைப் பணியாளரைப் போற்றுவோம்' என்று பேனர். அதற்குக் கீழே நின்று அம்மா தண்ணீர் கேட்டால், எட்ட நின்று பழைய பாட்டிலில் ஊற்றுகிறார்கள்.

வரும் திங்கள் முதல் அம்மாவும் மற்றவர்களும் வேலைநிறுத்தம். வியாழன் காலையில், வீடு வீடாகக் குப்பை நாறும் நேரத்தில், பாட்டுப் போட்டுக்கொண்டே வண்டியை ஒப்பந்தக்காரர் வீட்டுக்கு ஓட்டலாம் என்று யோசனை சொன்னேன். ஊரே வாளியோடு பின்னால் வரும். யாரோ போட்டுக் கொடுத்து, அந்த ஆள் ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். வண்டி இருக்கிறது, பாட்டு இல்லை.

நீ வா. முதல் பாதியை அவர் வாசலில் வாசி. இரண்டாம் பாதியை வீட்டுக்கு வந்து வாசி, கையைக் கழுவிவிட்டு. நம்பரை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

மஞ்சு

சென்னை,
15.2.2025

மஞ்சு,

புதன் ராத்திரி வந்துவிடுவேன். வியாழன் அன்று சீரியலில் கல்யாணம், நான்தான் வாசிப்பதாக இருந்தது. வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர்கள் மேளத்தை வைத்துத் தாலி கட்டிக்கொள்ளட்டும்.

சோப்பு எடுத்து வை.

இளவழகன்