மனைவிக்கு எழுதிய பெட்டிசன்

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். பதுளைக் கச்சேரி வாசலில், சர்க்கார் ஆபீசுக்கு வருவோருக்கு மனு எழுதும் என் மேசைக்கு மேலே சாக்குக் கட்டியும் ஒழுகல். எழுதிய பெட்டிசன் இரண்டே. மை நீர்த்துவிட்டது, புதிது வாங்க வேண்டும்.

மனைவி செல்லம் பண்டாரவளைக்கு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் இன்றோடு ஒன்பது நாள். வீடு மாற்றுவோம், கடைவீதிப் பக்கம் போவோம் என்றாள். மூன்று காரணம் சொன்னாள்: கிணறு தூரம், சுவர் ஈரம், அக்கம்பக்கம் வீடில்லை. மூன்றையும் முறித்தேன். தூரமானாலும் நல்ல தண்ணீர். ஈரம் ஊர் முழுக்க. அக்கம்பக்கம் இல்லாவிட்டால் வம்பும் இல்லை. வாயடைத்துப் போனாள். ஜெயித்துவிட்டேன் என்று இரண்டு பிடி சோறு அதிகம் சாப்பிட்டேன், மடையன். மறுநாள் அண்ணனோடு வண்டி ஏறிவிட்டாள்.

ஐப்பசி 4, செவ்வாய்

மழை விட்டது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் வந்தார், ஐம்பது வயதிருக்கும். மகளைப் பூனாகலையில் கட்டிக் கொடுத்திருக்கிறாராம். போய்வர நாலு நாள் லீவு கேட்டுத் தோட்டத்துத் துரைக்குப் பெட்டிசன்.

"என்ன காரணம்?"

"புள்ளயப் பாக்கணும் போல இருக்குங்க."

"அது காரணமாகாது. சீக்கா? பிரசவமா?"

"அதெல்லாம் இல்லீங்க. பாக்கணும் போல இருக்கு."

வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். என்ன வேண்டும் என்பது முதல் வரியில். அப்புறம் காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் சாட்சி. துரை என்ன மறுப்பார் என்று யோசித்து அதற்கும் முன்கூட்டியே பதில். தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"எல்லாஞ் சரிங்க. நான் சொன்னதையும் ஒரு ஓரமா எழுதிருங்க."

முதல் காரணமாகவே எழுதினேன்.

சாயங்காலம் செல்லத்துக்குக் கடிதம். மூன்று தாள் கிழித்தேன், நாலாவது தபாலில். திரும்பி வரும்போதுதான் உறைத்தது. பழக்க தோஷம், காரணங்களுக்கு எண் போட்டிருக்கிறேன். கடைசியில் "தங்கள் கீழ்ப்படிந்த மனுதாரன்" என்று கையெழுத்து வேறு.

ஐப்பசி 7, வெள்ளி

என் கடிதமே திரும்பி வந்தது. பிறகு பார்த்தால் ஓரத்தில், கச்சேரி உத்தரவு மாதிரி, செல்லத்தின் உருண்டைக் கையெழுத்து:

"காரணம் 1, சாப்பாடு சரியில்லை: மனுதாரர் சமைத்துப் பழகவும்.
காரணம் 2, ஊரார் கேட்கிறார்கள்: தள்ளுபடி.
காரணம் 3, வீடு வெறிச்சென்று இருக்கிறது: இதை முதலில் எழுதியிருக்கலாம். மனுதாரர் நேரில் வரவும்."

நாலு தரம் படித்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வேட்டி வெளுக்க வேண்டும். சீனிமுட்டாய் வாங்க வேண்டும். மை மறந்தே போனது.

ஐப்பசி 8, சனி

தபால் வண்டியில் பண்டாரவளை. நல்ல குளிர். வழி நெடுக மனதுக்குள் வாதம் அடுக்கினேன். அண்ணன் வைத்திருக்கும் கடைத் திண்ணையில் அவளைக் கண்டதும் ஒன்றும் ஞாபகமில்லை.

"வீடு மாத்திரலாம்" என்றேன்.

"காரணம் கேக்கலியா?"

"வேணாம்."

"கேளுங்க. அன்னைக்கே நாலாவதா ஒண்ணு இருந்துச்சு. அது காரணமாகாதுன்னு சொல்லிருவீங்கன்னு சொல்லல." தரையைப் பார்த்தாள். "நீங்க கச்சேரிக்குப் போயிட்டா பொழுது சாயிறவரைக்கும் பேச ஆளில்ல. அடுப்போட பேச ஆரம்பிச்சுட்டேன். எனக்கே பயமாப் போச்சு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அடுப்பு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"அதுவும் உங்க பக்கந்தான் பேசுச்சு."